நாய்க்குட்டிக்கு நல்லாசான்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் விருந்தாக அமைந்த இவ்விழாவில் நாய்க்குட்டியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், தில்லியில் நாம் வாழும் குடியிருப்புகளை மாலை வேளையில் ஒருமுறை சுற்றி வந்தால் இப்பொருளின் தேவை நன்கு விளங்கும். நம் ஊர்களில் திண்ணை இருந்தது, கொல்லை இருந்தது, நாய் தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே தன்போக்கில் வளர்ந்தது. அதற்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. இங்கோ மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார். கீழே குழந்தைகள் ஆடும் சிறு பூங்கா. இந்தச் சிறிய இடத்துக்குப் பிள்ளைகளின் வேண்டுதலால் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்கிறது.

முதல் மாதம் எல்லாம் கொண்டாட்டம். மூன்றாம் மாதம் செருப்பும் திரைச்சீலையும் கிழிகின்றன. ஆறாம் மாதம் அது விருந்தினர்மேல் பாய்கிறது, தனித்திருக்கும்போது ஊளையிடுகிறது, அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். ஓராண்டு நிறையுமுன் ‘யாரேனும் கொண்டுபோக மாட்டார்களா’ என்று வீட்டார் ஏங்கத் தொடங்குகின்றனர். கொண்டுபோவார் இல்லையெனில் அதன் கதி என்ன ஆகிறது என்பதை நாம் அறிவோம். கழுத்தில் பட்டையோடு சந்தைத் தெருவில் எச்சிலுக்கு அலையும் உயர்குல நாய்களை நாம் காணாமல் இல்லை.

அக்குட்டி செய்த குற்றம் யாது? குற்றம் ஒன்றும் இல்லை. அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. அல்லது தவறாகக் கற்பித்தனர். ஆதலின், ‘குட்டியைப் பழக்குவதற்கு நல்ல வழிகாட்டியை எங்கே தேடுவது? எதனை நம்புவது?’ என்னும் வினா ஓர் உயிரின் வாழ்வையே தீர்மானிக்கும் வினாவாக இருக்கிறது.

வழிகாட்டிகளுக்கு இன்று பஞ்சம் இல்லை. நூல்கள் உண்டு, கைப்பேசியில் ஆயிரமாயிரம் படங்கள் உண்டு, வீடு தேடி வரும் பயிற்சியாளர் உண்டு, ‘நாங்கள் வளர்க்காத நாயா’ என்று தொடங்கும் அண்டை அயலார் உண்டு. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார். இக்குழப்பத்தில் நல்லதைப் பிரித்தறிய மூன்று உரைகற்கள் போதும் என்பது நம் கருத்து. அறிவுரை காலத்தால் வருகிறதா? அச்சத்தை நாடாமல் இருக்கிறதா? வீட்டார் அனைவரையும் சென்று சேருமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது காலம். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரை உள்ள காலமே குட்டி உலகோடு உறவு கொள்ளும் பருவம் என்று அவர்கள் கண்டனர். அப்பருவத்தில் மனித உறவே இன்றி வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கின. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்றல் ஆகாது. தாயிடமும் உடன்பிறந்தவையிடமும் அது கற்க வேண்டிய முதற்பாடங்கள் உள்ளமையால் இவ்விதி பொருத்தமானதே. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். குட்டி நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது அப்பருவத்தில் எஞ்சியிருப்பவை சில வாரங்களே.

ஆகவே, ‘ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பழக்கலாம்’ என்று சொல்லும் நூலையோ ஆளையோ உடனே விலக்கிவிடலாம். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துப் பழக்கிய பழைய முறைக்கு ஏற்ற கணக்கு அது. இளங்குட்டியின் கழுத்து அதனைத் தாங்காது. அன்போடு கற்பிக்கும் முறைக்குக் காத்திருத்தல் தேவையில்லை. பிள்ளைகளுக்கு விசயதசமியன்று ஏடு தொடங்குகிறோம். குட்டிக்கு அது வீட்டுக்கு வந்த நாளே ஏடு தொடங்கும் நாள்.

இங்கே ஓர் ஐயம் எழும். தடுப்பூசிகள் முடியுமுன் குட்டியை வெளியே கொண்டு செல்லலாமா? பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய்களுக்கான ஊசிகள் 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, சில வார இடைவெளியில் ஏறத்தாழ 16-ஆம் வாரம் வரை தொடர்கின்றன. அதுவரை வீட்டுக்குள் அடைத்து வைத்தால் நோய் அண்டாது. ஆனால் பருவம் கடந்துவிடும். அமெரிக்க விலங்கு நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008-இல் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் உயிரைப் போக்குவதில் தொற்றுநோய்களைவிட நடத்தைக் கோளாறே முதலிடம் பெறுகிறது என்று அது எச்சரித்தது. பழக்கம் கெட்ட நாயை வீட்டார் கைவிடுகின்றனர், கைவிடப்பட்டது மாண்டுபோகிறது. இதுவே அதன் பொருள்.

இரண்டையும் காக்கும் வழி எளியது. தெருநாய்கள் திரியும் மண்ணில் குட்டியை இறக்க வேண்டா; கையில் ஏந்திச் செல்வோம். காய்கறி வண்டிக்காரர், கம்பு ஏந்திய காவலாளி, தலைப்பாகை அணிந்த முதியவர், பள்ளிச்சீருடைச் சிறுவர், முழங்கும் மோட்டார் வண்டி ஆகிய அனைத்தையும் நம் மடியிலிருந்தே அது பார்க்கட்டும். வீட்டில் குக்கர் ஊதும் ஒலியும், பாத்திரம் விழும் ஓசையும், மிக்சியின் இரைச்சலும் முதலில் தொலைவிலிருந்தும் பின்னர் அண்மையிலிருந்தும் அதன் செவியில் விழட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு தின்பண்டம் சேரட்டும். இந்நகரில் தீபாவளி இரவு நாய்களுக்கு எத்தகைய இரவு என்பதை வளர்ப்போர் அறிவர். கட்டிலடியில் ஒடுங்கி நடுங்கும் அவ்வச்சத்துக்கு மருந்து ஐப்பசியில் தேடுவதன்று. குட்டிப்பருவத்திலேயே மெல்ல மெல்ல ஒலிகளைப் பழக்குவதாகும்.

இரண்டாவது உரைகல் அச்சம். ‘நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் உண்டு, நீ தலைவனாக வேண்டுமானால் குட்டியை மல்லாத்தி அழுத்து, அதட்டி ஒடுக்கு’ என்று போதிப்பார் இன்றும் பலர். இக்கொள்கை எங்கிருந்து வந்தது? ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ப் ஷென்கெல் என்பார் 1947-இல் எழுதிய ஆய்வில் இதன் வேர் உள்ளது. அடைப்புக்குள் நெருக்கி வைக்கப்பட்ட விலங்குகள் பூசலிடாமல் என் செய்யும்? அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் என்பாரின் 1970-ஆம் ஆண்டு நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அவரே கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் நேரிற் கண்டபின், 1999-இல் அதனைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். தாயும் தந்தையும் வழிநடத்த, குட்டிகள் பின்பற்றுகின்றன. பிடுங்கிக் கொண்ட தலைமை அங்கே இல்லை, பெற்றோர்மை இருக்கிறது. அறிஞர் திருத்திக்கொண்ட பின்னும் அக்கொள்கை பயிற்சியாளர் வாயில் வாழ்கிறது.

‘அடித்தால்தானே அடங்குகிறது’ என்பார்க்கு ஒரு சொல். நாலடியார் யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் தன்னை வளர்த்தவனைக் கண்டு வாலாட்டும் நாயைப் போன்றவரோடு நட்புக் கொள்க என்கிறது. அந்நாயின் பெருமையை நாம் நெடுங்காலம் போற்றி வந்திருக்கிறோம். ஆனால் பழக்குவோர் அதில் ஓர் எச்சரிக்கையையும் காணவேண்டும். அடித்த கையையும் நாய் நக்கும்; அதனால் அடி பயன் தந்தது என்று அடித்தவன் மயங்குவான். உண்மையில் அது கற்றது பாடத்தை அன்று. கையைக் கண்டு ஒடுங்குவதையே. உறுமினால் அடிபடும் என்று கற்ற நாய், உறுமாமலே ஒருநாள் கடிக்கிறது. அன்று பெரும்பாலும் கடிபடுவது குழந்தையின் முகம். மேற்சொன்ன மருத்துவர் சங்கம் 2021-இல் மற்றோர் அறிக்கை வெளியிட்டு, எந்த நாய்க்கும் பரிசு தந்து பழக்கும் முறையையே கையாளுமாறு கூறியுள்ளது. கழுத்தை இறுக்கும் சங்கிலி, முட்பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை ஆகியவற்றைப் பரிந்துரைப்பவர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும் நமக்கு வேண்டா.

அடி இல்லையெனில் வேறு என்ன? மாடிவீட்டாரை மிகவும் வருத்தும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குட்டி தரையில் சிறுநீர் கழிக்கிறது. மூக்கை அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் குட்டி அறிவது, ‘இவர் கண்முன் கழிப்பது ஆபத்து’ என்பதே. அடுத்த முறை கட்டிலுக்குப் பின்னே சென்று கழிக்கும். நல்லாசான் வேறுவிதமாகக் கூறுவார். குட்டி உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், ஆடி ஓய்ந்ததும் அதனைக் குறித்த ஓர் இடத்துக்கு எடுத்துச் செல்க. மாடியானால் மேல்தளத்தின் ஒரு மூலையோ, பால்கனியில் மண்தட்டோ போதும். கழித்து முடித்த அந்த நொடியிலேயே இனிய சொல்லும் ஒரு துணுக்குத் தின்பண்டமும் தருக. உள்ளே வந்தபின் தந்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றே அது எண்ணும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்க இயலாது. அது பிடிவாதம் அன்று, உடலின் அளவு. தவறி வீட்டுக்குள் கழித்துவிட்டால் பேசாமல் துடைத்து, மணம் எஞ்சாதவாறு கழுவிவிடுக. பொறுமையோடு இதனைச் செய்யும் வீட்டில் சில வாரங்களில் தரை உலர்ந்துவிடும்.

தின்பண்டம் என்றதும் சைவ வீட்டார் தயங்க வேண்டா. பனீர்த் துணுக்கு, வேகவைத்த காரட், இட்லியின் ஓரம் எதுவும் உதவும்; பயற்றளவு போதும். ஆனால் உலர்திராட்சை, திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பாயசக் கிண்ணத்தை அன்போடு நீட்டும் பாட்டிமார்க்கு இதனைத் தனியே சொல்லிவைத்தல் நலம்.

பாட்டிமாரைக் குறிப்பிட்டதால் மூன்றாவது உரைகல்லுக்கு வந்துவிட்டோம். நல்ல நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படிப்பவர் காலை எட்டு மணிக்கு அலுவலகம் சென்று இரவு திரும்புபவர். பகல் முழுதும் குட்டியோடு இருப்பவரோ ஊரிலிருந்து வந்துள்ள பாட்டி, பள்ளிவிட்டு வரும் சிறுவன், இந்தி பேசும் பணிப்பெண் ஆகியோர். படித்தவர் பழக்குவதில்லை, பழக்குபவர் படிப்பதில்லை. நம் போன்ற குடும்பங்களில் பயிற்சி தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

தந்தை ‘சிட்’ என்கிறார். பாட்டி ‘உட்காரு’ என்கிறார். பணிப்பெண் ‘பைட்டோ’ என்கிறார். மும்மொழித் திட்டத்தில் சிக்கிய குட்டி மூவரையும் மாறிமாறிப் பார்த்து விழிக்கிறது. ‘இதற்கு அறிவே இல்லை’ என்ற பட்டமும் பெறுகிறது. நாய்க்குத் தாய்மொழி இல்லை. எம்மொழியாயினும் அதற்கு ஒன்றே. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்பதே அது வேண்டுவது. ‘உட்கார்’, ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்னும் நம் சொற்கள் குறுகியவை, தெளிந்தவை. பணிப்பெண்ணும் அவற்றை ஒரே நாளில் கற்றுக்கொள்வார். சொல்லோடு கையசைவும் ஒன்றாக இருந்தால் இன்னும் நன்று. அவ்வாறே மேசையருகே வந்து கெஞ்சினால் ஒருவர் ஊட்டுவதும் மற்றொருவர் விரட்டுவதும் ஆகாது. பூசையறைக்குள் வரலாகாது என்பது வீட்டு முறையானால், அது நாள்தோறும் எல்லாரும் காக்கும் முறையாக இருக்கட்டும். குட்டியைப் பழக்குவதென்பது வீட்டைப் பழக்குவதே.

இனி, எங்கே தேடுவது என்பதற்கு வருவோம். முதலில் கால்நடை மருத்துவர். குட்டி வீடு வந்த சில நாட்களுக்குள் அவரைக் காணவேண்டும். ஊசிக்கு மட்டுமன்று, நல்ல பயிற்சியாளர் யார் என்று கேட்பதற்கும்.

அடுத்து நூல்கள். இயான் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் எழுதி 2004-இல் வெளிவந்த ‘பிஃபோர் அண்ட் ஆஃப்டர் கெட்டிங் யுவர் பப்பி’ குட்டியின் முதல் மாதங்களுக்கு நேரே உதவுவது. டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984-இல் எழுதிய ‘டோண்ட் ஷூட் த டாக்’ பரிசால் கற்பித்தலின் அடிப்படையை விளக்குவது. நீந்தும் டால்பினின் கழுத்தில் சங்கிலியிட இயலாது. ஆகவே அடியின்றிக் கற்பிக்கும் கலை அங்கே தழைத்தது. மனிதரின் அசைவுகளை நாய் எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதைப் பட்ரீசியா மெக்கானெல் 2002-இல் எழுதிய ‘தி அதர் எண்ட் ஆஃப் த லீஷ்’ காட்டும். மூன்றையும் வாங்க இயலாதவர் முதலதை மட்டும் வாங்கினாலும் போதும்.

கைப்பேசிப் படங்களைப் பார்க்கும்போது பேசுபவரைப் பாராமல் நாயைப் பார்க்க வேண்டும். அதன் வால் தளர்ந்து ஆடுகிறதா, கால்களுக்கிடையே ஒடுங்கியதா? வாய் இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா? ‘ஐந்தே நிமிடத்தில் அடங்கியது’ என்று காட்டப்படும் நாய் பல வேளைகளில் அச்சத்தால் உறைந்த நாயாகவே இருக்கும்.

பயிற்சியாளரை அமர்த்துமுன் சிலவற்றைக் கேட்டறியலாம். குட்டி தவறினால் என்ன செய்வீர்? பயிற்சியை நாங்கள் அருகிலிருந்து பார்க்கலாமா? எங்களுக்கும் கற்றுத் தருவீரா? முதல் வினாவுக்குத் தெளிவான விடை தராதவரும், ‘குட்டியை என்னிடம் விட்டுச் செல்லுங்கள், ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறேன்’ என்பவரும் நமக்கு ஏற்றவர் அல்லர். அவரிடம் அடங்கும் நாய் நம்மிடம் அடங்கவேண்டும் என்பதில்லை.

அடுத்து, குடியிருப்பில் அமைதியான நாயை வளர்ப்பவர். அவர் சொல்வதைக் காட்டிலும் செய்வதைப் பார்த்துக் கற்கலாம்.

முன்வரிசைச் சிறுவர்களே, உங்களுக்கும் சில சொற்கள். குட்டி உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடாதீர்கள். விளையாட்டில் பல் பட்டால் அலறி ஓடாதீர்கள். விளையாட்டை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். கையை விடுத்துப் பொம்மையைக் கடிக்கக் கொடுங்கள். பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் நான்கு முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு ஈறு தினவெடுக்கும், அது பகையன்று. எனினும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். பெற்றோர் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். வெறிநாய்க்கடி நோய் தோன்றிய பின் மருந்து இல்லை. தோன்றுமுன் தடுப்பது எளிது. குட்டிக்கும் மூன்றாம் மாதத்தில் அந்நோய்க்கான ஊசி தவறாமல் இடப்பட வேண்டும்.

அவையோரே, மகாபாரதத்தின் இறுதியில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புக மறுத்த தருமரை எல்லாரும் அறிவோம். அதன் தொடக்கத்திலும் ஒரு நாய்க்குட்டி உண்டு என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. சனமேசயனின் வேள்விக் களத்துக்கு வந்த ஒரு குட்டியை அவன் தம்பியர் அடித்து விரட்டினர். அது அவியுணவை நக்கவும் இல்லை, நோக்கவும் இல்லை. அதன் தாயாகிய சரமை வேள்விக்களத்துக்கே வந்து, குற்றமற்ற என் மகனை ஏன் அடித்தீர் என்று கேட்டாள். அரசவேள்வி நடத்துவோரிடம் அதற்கு விடை இல்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று அவள் சபித்தாள். காரணமின்றிக் குட்டியை அடித்த வீட்டில் அச்சமே வந்து குடியேறும் என்பது இன்றைய நடத்தையியலும் கூறும் உண்மை அன்றோ!

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியதே. 1953-இல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொணர்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அதன் விளைவாக எழுந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் கைவிடுவதும் குற்றம். 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பரதக்கலையை வளர்த்த நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் தில்லி மன்றத்தில் வாயில்லா உயிர்க்காகப் பேசினார் என்பது தில்லித் தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இறுதியாக, இச்சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முன்னர்க் குறித்த மூன்று நூல்களையும் சங்க நூலகத்தில் வாங்கி வைக்கலாம். அவற்றின் சாரத்தை ஒரே தாளில் ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் இந்தியிலும் அச்சிட்டு, குட்டி வளர்க்கும் வீடுகளுக்கு அளிக்கலாம். சமையலறைக் கதவில் அது ஒட்டப்பட்டிருந்தால் பாட்டியும் பேரனும் பணிப்பெண்ணும் ஒரே பாடத்தைக் கற்பிப்பர்.

குட்டி வாங்க எண்ணியுள்ள குடும்பங்கள், வாங்குமுன் இந்த ஒருமாத காலத்தில் தாம் கற்கத் தொடங்குக. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் வீதம் பலமுறை அதற்கெனச் செலவிட வீட்டில் எவர்க்கும் இயலாதெனில், இவ்வாண்டு வாங்காதிருத்தலும் அறமே. வாங்கியபின் கைவிடாதிருப்போம். நம்மை நம்பி மாடியேறி வரும் சிற்றுயிர்க்கு நாம் முதலில் நல்ல மாணாக்கராவோம். நல்லாசான் தானே அமைவான்.